விழும் வேகம்

வில்னியுஸில், பணி முடிந்த ஓர் இரவு,
ஓய்வறைக் காப்பி இயந்திரத்தின் அருகே
ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் விமானத்தை
ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
ரிம்வீதஸுக்குக் கான்கார்ட்.
இனி யாரும் அதில் பறக்க முடியாது,
ஆகவே பாதுகாப்பான காதல்.
புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஸ்பிட்ஃபயர்,
அதுவும் விடியற்காலையில், அதுவும் கண்ணாடியைத் திறந்துவைத்து.
நான் அன்டோனவ் இரண்டு என்றேன்.
காப்பி சிந்தச் சிரித்தார்கள்.
உரம் தூவுமே, அந்த வண்டியா?
உழவு மாட்டுக்கு றெக்கை கட்டினாற்போல் இருக்குமே, அதுவா?

அதுதான்.

ஒன்பதாயிரம் மணி நேரம் பறந்திருக்கிறேன்.
என் கை ஓட்டியது, தாராளமாகக் கணக்கிட்டால்,
பயணத்துக்கு நான்கு நிமிடம்.
மீதியைக் கணினி ஓட்ட
பரீட்சைக்கூடத்துக்கு வெளியே காத்திருக்கும் தாய்போல
கூடவே உட்கார்ந்திருந்தேன்.

எந்த வேகத்துக்குக் கீழே போனால் விழும் என்று
மற்ற விமானங்களின் கையேடு தடித்த எழுத்தில் சொல்லும்.
அன்டோனவின் கையேட்டில் அந்த வரியே இல்லை.
எஞ்சின் நின்றால் கைப்பிடியை வயிற்றோடு இழுத்துப் பிடி,
குடைபோல் இறங்கும் என்கிறார்கள்.
எதிர்காற்று பலத்தால் பின்னாலும் போகுமாம்,
கீழே மேயும் மாடு அதை முந்திக்கொண்டு நடக்குமாம்.
கேள்விப்பட்டதுதான்.

பிரியெனாய் புல்வெளி ஓரத்தில் ஒன்று நிற்கிறது.
உரிமையாளர் அல்கிமாந்தஸ், தேனீ வளர்ப்பவர்.
ஒன்பது சிலிண்டரில் ஏழு நல்லவை.
எட்டாவதற்காகப் போலந்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.
ஒன்பதாவதன் மேல் குருவி குடியிருக்கிறது.
சனிக்கிழமைகளில் கிரீஸ் டப்பாவோடு போவேன்.
ஓட்டலாமா என்று நான் கேட்டதில்லை.
ஓடும் என்று அவரும் சொன்னதில்லை.

மார்ச்சில் புயல்.
இரவு பத்தரைக்குத் தொலைபேசி:
கயிறு ஒன்று அறுந்துவிட்டது, பக்கத்தில்தான் இருக்கிறாயா?
நாற்பது கிலோமீட்டர். பக்கம்தான்.

போய்ச் சேர்ந்தபோது அது பாதிதான் தரையில் இருந்தது.
வால் எழும்பி எழும்பி விழுந்தது.
மேலிறக்கையின் முன்தகடுகள்
பசித்த வாத்தின் அலகாகத் திறந்து மூடின.
அவர் மண்டியிட்டு முளை அடித்துக்கொண்டிருந்தார்,
பல்லிடுக்கில் டார்ச் விளக்கு.
உள்ளே போ, பிடி, என்றது
உதடு ஒட்டாமல் பாடும் செய்யுள்போல
உள்ளே ஓ, இடி, என்று வந்தது.

இருட்டில் இருக்கை. தேன்மெழுகு வாசனை.
கைப்பிடி என் மணிக்கட்டை முறுக்கியது.
வேகமானியின் முள் எழுந்தது.
ஐம்பது.
அறுபது.
எஞ்சின் செத்து, கட்டிப்போட்டிருக்கும் விமானத்தில்
எழுபத்தைந்து.
புல் நகரவில்லை.
எங்கேயும் போகாத எங்கள் வழியாக
காற்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

இடது இறக்கை தூக்கினால் இடப்புறம் சாய்த்தேன்.
வால் எழுந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து
பிறகு மெல்ல இறக்கினேன்.
ஒருமுறை, சக்கரங்களின் உறுமல் நின்றுபோனது.
ஒன்று. இரண்டு. மூன்று.
கயிறு முனகியது.
இத்தனை வருடமும் அதை மேலே கொண்டுபோகத்தான் ஆசை;
இப்போது இரண்டு கையாலும், உடம்பின் முழு எடையாலும்
கீழே இரு, கீழே இரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நாலரைக்குக் காற்று அடங்கியது.
அல்கிமாந்தஸ் ஏறிவந்து பக்கத்து இருக்கையில் சாய்ந்தார்.
இரண்டு தேனீப் பெட்டி கவிழ்ந்துவிட்டது என்றார்.
வெகுநேரம் வேறு எதுவும் சொல்லவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் நெமுனாஸ் ஆறு
சாம்பல் நிறத்தில் தெரியத் தொடங்கியது.
என் பறப்புக் குறிப்பேட்டை எடுத்தேன்.
புறப்பாடு: பிரியெனாய்.
வருகை: பிரியெனாய்.
மூன்று வினாடியை எழுத அதில் கட்டம் இல்லை.

நிறுவனத்துக்கு அழைத்து,
தூங்கவில்லை, இன்று பறக்க இயலாது என்றேன்.
காரணம் என்ன போட, என்றாள் ஒரு பெண்.
காற்று, என்றேன்.
அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.