காட்டப்படும் பெயர்

ஜுபைல். நான்காம் எண் ஸ்டோர்.
போர்ட்டா கேபினின் தரையில் ஓட்டை போட்டு
கேபிள் இழுத்து முடிக்கையில் மணி பதினொன்று.
கீபோர்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினேன்.
அரைப்பிடி பாலைவனம் கொட்டியது.

புது ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் நிற்கிறார்.
உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை.
அவருடைய மெயில் கணக்கை
இந்தக் கம்ப்யூட்டரில் நான் பூட்டித் தரவேண்டும்.
வருகிற சர்வர், போகிற சர்வர்.
வருவதற்கு 995, போவதற்கு 465.
வர ஒரு வாசல், போக ஒரு வாசல்.
எக்ஸிட் ரீ-என்ட்ரி அடித்து ஊர் போய் வருகிறவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

முகவரியை எச்.ஆர். முன்பே அனுப்பியிருந்தது.
போஸிலான், புள்ளி, எஃப்.
யார் இது என்றேன்.
நான்தான் என்றார். பொழிலன்.

அரபியில் ப கிடையாது, ழ கிடையாது.
இக்காமாவில் ஏறும்போது ப விழுந்தது.
ஆங்கிலத்துக்கு இறங்கும்போது ழ விழுந்தது.
வேலாயுதம், ஃபீலாயோதம் ஆனார்.
அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

என் கதை வேறு.
பாஸ்போர்ட் ஃபாரத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில்
யோசிக்காமல் இருளப்பன் என்று எழுதிவிட்டேன்.
அன்றிலிருந்து எல்லா மெயிலும் டியர் இருளப்பன்.
விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த என் அப்பா
ஆறு வருஷமாக இந்தக் கம்பெனியில்
பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறார்.
போன மாதம் அவருக்கு ஒரு வார்னிங் லெட்டர்கூட வந்தது.

முகவரியில் கைவைக்க எனக்கு அதிகாரமில்லை.
அது தம்மாமில் இருக்கும் சர்வரின் சொத்து.
ஆனால் அதற்கு மேலே ஒரு கட்டம் உண்டு.
உங்கள் பெயர் என்று கேட்கும்,
மற்றவர்களுக்கு எப்படித் தெரியவேண்டுமோ அப்படி.
கைரேகை கேட்காது.
வெள்ளைப் பின்னணியில் நான்கு போட்டோ கேட்காது.
அட்டெஸ்டேஷன், முத்திரை, கஃபீல் கையெழுத்து
ஒன்றும் வேண்டாம்.
இங்கே நான் நிரப்பிய ஃபாரங்களில்
சொன்னதைச் சொன்னபடி நம்புவது
இது ஒன்றுதான்.

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.
இப்போது உட்கார்ந்தார்.

தமிழில் அடிக்கலாமா?
அடிக்கலாம்.
ஒற்றை விரலால் முதலில் கொம்பைத் தேடினார்.
எழுத்தை முதலில் அடியுங்கள்,
கொம்பு தானாக முன்னால் போய் நின்றுகொள்ளும் என்றேன்.
நின்றது. சிரித்தார்.
அப்பா பெயர்?
வேண்டாம், அவராவது ஊரிலேயே இருக்கட்டும்.

இந்தச் சான்றிதழை நம்புகிறாயா என்றது மெஷின்.
நம்புகிறேன் என்று அழுத்தினேன்.
அவரிடமிருந்து அவருக்கே ஒரு டெஸ்ட் மெயில்.
வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் சத்தம்.
ஒன்பது வினாடி.
தடித்த எழுத்தில் வந்து நின்றது: பொழிலன்.
அவர் திறக்கவில்லை.
திறந்தால் எழுத்து மெலிந்துவிடும் என்று
நான்தான் வாய் தவறிச் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பர்ச்சேஸ் மேனேஜரிடமிருந்து டிக்கெட்.
'நான்காம் ஸ்டோர். அனுப்புநர் பெயர் பழுது.
ஏழு சதுரங்கள் தெரிகின்றன. உடனே சரிசெய்க.'
கூடவே ஸ்கிரீன்ஷாட்.

அவருடையது பழைய மெஷின், தமிழ் எழுத்துரு இல்லாதது.
சதுரங்களை விரல் வைத்து எண்ணினேன்.
ப.
கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று.
ழ. அதன் மேல் சுழி.
ல. ன. கடைசியில் புள்ளி.
ஏழும் இருந்தன.
ஜுபைலிலிருந்து தம்மாம் போய்த் திரும்பி
ஒன்றுகூட விழவில்லை.

பழுது யாரிடம் என்ற கேள்விக்கு
பெறுநர் என்பதைத் தேர்ந்து
டிக்கெட்டை மூடினேன்.
அடியில் டெக்னீஷியன் பெயர் தானாக நிரம்பியது.
இருளப்பன்.
அப்பாதான் கையெழுத்துப் போட்டார்.