கழுதைப்புலிக்குக் குரல் கொடுத்தவள்

சிங்கத்துக்கு மேடைத் தமிழ்.
மானுக்குச் செய்தி வாசிப்பவளின் ழகரம்.
ஆமைக்குக்கூட
வாய்தா வாங்கும் வக்கீலின் நிதானம்.
கழுதைப்புலிக்கு மட்டும்
காசிமேட்டிலிருந்து என்னை வரச் சொன்னார்கள்.

வடபழனியில், பஞ்சு ஒட்டிய சுவருக்குள்,
"கொஞ்சம் லோக்கலா, மேடம்."
வீட்டில் பேசுகிற மாதிரி பேசினேன்.
"இன்னும்."
பெரியண்ணி வஞ்சிரம் ஏலம் விடும்
தொண்டையை எடுத்துக் காட்டினேன்.
"இன்னும், இன்னும்."
கடைசியில்
எங்கள் தெருவில் எவருமே பேசாத ஒன்றைப் பேசினேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
கட்டைவிரல் உயர்ந்தது.

கதை இதுதான்:
காட்டில் பஞ்சம்.
கழுதைப்புலி கிடங்கில் கை வைக்கிறது.
பிடிபட்டதும் மண்டியிட்டுச் சொல்ல வேண்டும்:
"தப்புதாம்பா, மன்ச்சிக்கோ."

"குட்டிக்குப் பசி, அதானே எடுத்துச்சு?
எதுக்கு சார் மன்னிப்பு?"
"மேடம், வாயசைவைப் பாருங்க.
ரெண்டு வார்த்தைக்குத்தான் இடம்."

இரண்டு வார்த்தைக்கு
நாற்பது டேக் போனது.
கவரில் பணம்.
பெயர் ஓடும் இடத்தில்
நான் 'மற்றும் பலர்'.

ஞாயிறு மதியம் டோல்கேட் தியேட்டர்.
ரெக்ஸனுக்கு ஏழு வயது,
அவன் காலுக்குத் தரை எட்டவில்லை.
திரையில் என் குரல் வந்ததும்
மொத்தக் கொட்டகையும் எழுந்துவிட்டது.
பின்வரிசையில் ஒருத்தன் விசிலடித்தான்,
"அய்யே, நம்மாளுடா!"

பொய் சொல்ல மாட்டேன்,
எனக்கும் புல்லரித்தது.
திருடியின் வாயில் என்றாலும்
நம் பேச்சு அவ்வளவு பெரிதாய், அவ்வளவு வெளிச்சத்தில்.
விசிலடித்தவன் திரும்பிப் பார்த்திருந்தால்
நான்தான் என்று சொல்லியிருப்பேன்.
மண்டியிடும் காட்சிக்கும் சிரித்தார்கள்.
அப்போது
சேலைத் தலைப்பைக் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்,
ஏசியும் அதிகம்தான்.

மழை பெய்து படம் முடிந்தது.
"காடு எல்லோருக்கும் பொது" என்றது சிங்கம்.
அந்த மேடைத் தமிழுக்கு
என் கைகளும் தட்டின.

ஷேர் ஆட்டோவில்
பாப்கார்னின் அடியைத் துழாவிக்கொண்டே கேட்டான்:
"மானுக்குப் புதர் கொடுத்தாங்க,
குருவிக்கு மரம்.
கழுதைப்புலி எங்கம்மா போச்சு?"

நான் யோசிப்பதற்குள்
அவனே சொல்லிவிட்டான்:
"பெரும்பாக்கத்துக்கு அனுப்ச்சிருப்பாங்க.
எங்க கிளாஸ் யோகலட்சுமிய
அனுப்ன மாதிரி."

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.
கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால்
எண்ணூர் ஹைரோட்டில்
அரைமணி நேரம் நின்றிருந்தோம்.
யாரும் எதுவும் பேசவில்லை.

ராத்திரி கேட்டான்,
"அந்தக் குரல் பேசிக் காட்டு."
பேசினேன்.
'இன்னும்' சொல்ல ஆளில்லாததால்
வீட்டுத் தொண்டையிலேயே வந்தது.

"இது கழுதைப்புலி இல்லியே" என்றான்,
"இது நீ."

"அப்போ சிங்கம் பேசவா?"
"உம்."

"இன்னாடா, இன்னும் தூங்கலியா நீ?"
என்றது சிங்கம்.
லைட்டை அணைத்தேன்.
அவன் அதில் தப்பேதும் சொல்லவில்லை,
போர்வையை மட்டும்
தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.