இடத்தில் இடம்

சி டிரைவில் சிவப்புக் கோடு.
மிச்சம் எண்ணூறு எம்பி.
கம்பளிக் கிடங்கின் ஜூன் மாதக் கணக்கைச்
சேமிக்கப் போனால்
இடமில்லை என்கிறது,
கடைசிப் பேருந்தின் நடத்துநர் குரலில்.

பக்கத்திலேயே டி டிரைவ்.
அது எர்வினுடையது.
மகெல்லன் நீரிணையைக் கடந்த கப்பல்கள்
பதினோரு வருடமாக அதில் நங்கூரமிட்டிருக்கின்றன.
ஒரே எண்ணெய்க் கப்பல் பதினான்கு படத்தில்,
அதில் ஒன்பதில் வெறும் மூடுபனி.

"நாற்பது ஜிபி கொடு."
"எதை அழிக்கச் சொல்கிறாய்?"
"ஒன்றையும் வேண்டாம். காலியாகக் கிடப்பதைத்தான் கேட்கிறேன்.
உன் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்."
"இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவாய், ஃபிரேசியா,"
என்றவன் கெட்டில் வைக்க எழுந்தான்.
கதவருகில் நின்று,
"முப்பது."

முதலில் நகல்.
வெளி வட்டில் ஒன்று, இன்னொரு வட்டில் இன்னொன்று.
எடுத்துவிட்டேன் என்பது நகல் ஆகாது,
திறந்து பார்க்கும்வரை.
கைக்கு வந்த ஒன்றைத் திறந்தேன்.
ஏதோ மார்ச் மாதம், ஒரு கொள்கலன் கப்பல்,
படத்தின் ஓரத்தில் என் பச்சைத் தொப்பி.
அன்று நான் அங்கே நின்றதே எனக்கு நினைவில்லை.
இரண்டாவது வட்டை மாடிவீட்டு நோல்ஃபா
மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.
அவள் வேலை செய்யும் பல் மருத்துவரிடம்
யூபிஎஸ்ஸும் இரவல் கேட்டு வந்தாள்:
திங்கள் எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்,
கையிலே பல்லோடு ஒருவர் காத்திருப்பார்.

வட்டைச் சோதித்தேன். பழுதில்லை.
கணினியை முழுதாக அணைத்தேன், உறங்கவைக்கவில்லை.
அரைத்தூக்கத்தில் இருப்பவனைக் கட்டிலோடு நகர்த்தினால்
எழுந்ததும் பழைய வாசலைத் தேடிப் போய்ச்
சுவரில் முட்டிக்கொள்வான்.

பென் டிரைவிலிருந்து எழுப்பினால்
அப்போதுதான் புரிந்தது சிக்கல்.
டி-யைச் சுருக்கினால் காலியிடம்
அதன் வால்பக்கம் விழுகிறது, வலத்தில்.
எனக்கு வேண்டியது
இடத்தில் இடம்.
ஆகவே அத்தனை கப்பலும் பாய்மரம் இல்லாமல், நீர் இல்லாமல்,
முப்பது ஜிபி தூரம் வலப்பக்கம் நகர வேண்டும்,
ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல்.
நாலு மணி இருபது நிமிடம் என்றது திரை.
இடையில் நிறுத்தாதே என்றது.

சனி இரவு. புந்தா அரேனாசின் காற்று
கூரைத் தகரத்தை ஆணி ஆணியாக விசாரித்துக்கொண்டிருந்தது.
அறுபத்தொரு சதவீதத்தில்
தெரு இருண்டது.

யூபிஎஸ் கீச்சிட்டது.
பதினெட்டு நிமிடம் தாங்குமாம்.
வேலை பாக்கி நூறு நிமிடம்.
ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன், இணையப் பெட்டியைப் பிடுங்கினேன்.
இனி மின்சாரம் குடிப்பவை இரண்டே:
நகர்த்துகிற வட்டும்
நகர்வதை எனக்குக் காட்டுகிற திரையும்.

திரையை அணைத்தேன்.

"என்ன செய்தாய்?"
"நாம் பார்ப்பதற்குச் செலவாகிறது."

இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.
பெட்டிக்குள் வட்டு கரகரத்தது,
நின்றது (எர்வின் என் மணிக்கட்டைப் பிடித்தான்),
மறுபடி கரகரத்தது.
"இப்போது எந்தக் கப்பல்?"
"தெரியாது."
"ஏதாவது ஒன்று பாதியில் இருக்கும்," என்றான்,
"மூக்கு அங்கே, வால் இங்கே."
கெட்டில் ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

இருபத்தாறு நிமிடம்.
பிறகு குளிர்பெட்டி இருமியது, விளக்கு வந்தது,
கீச்சு நின்றது.
திரைப் பொத்தானில் விரல் வைத்தும்
அழுத்தத் துணிவில்லை.
அவன்தான் அழுத்தினான்.
எழுபத்தொன்று.

விடியும் முன் முடிந்தது.
சிவப்புக் கோடு நீலமானது, கணக்கு சேமித்தேன்,
பக்கத்து நாற்காலியில் எர்வின்
கப்பல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான்,
அந்த ஒன்பது மூடுபனி உட்பட.

ஞாயிறு மாலை யூபிஎஸ்ஸை எடுக்க வந்த நோல்ஃபா
வெள்ளை படிந்த வட்டை நீட்டினாள்:
எல்லாம் சரியாகிவிட்டதே, இது இனி எதற்கு?
இன்னும் ஒரு வாரம்
மாவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும் என்றேன்.