மறுகால்

சிம்மக்கல்லில், பழைய இரும்புக் கடைக்கு மேல்மாடி.
மூன்று கணினி, ஒரு மேசை விசிறி.
யாரோ எங்கோ ஸ்கேன் செய்து போட்ட புத்தகங்களுக்கு
‘முந்தைய தொகுதி’, ‘அடுத்த தொகுதி’ என்று
இரண்டிரண்டு சுட்டி கட்டுவது என் வேலை.
சுட்டிக்கு நாலு ரூபாய்.

போன மாதம் வந்தது ஒரு கண்மாய்க் களஞ்சியம்.
ஏழு தொகுதி. தொகுதி ஒன்றேகால் ரூபாய்.
மதுரை, மேலூர், திருமங்கலம் தாலுகாக்களில்
எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை,
கலுங்கு எந்தப் பக்கம்,
நிறைந்தால் மறுகால் எந்த ஊருக்குப் போகும் என்று
நடந்தே பார்த்து எழுதியவர்
தி. கா. பேச்சியப்ப உபாத்தியாயர்.

மின்நூலகத்தில் அவர் நான்கு பேர்.
தி. கா. பேச்சியப்பன்.
துணைக்காலைத் தொலைத்துவிட்ட தி. க. பேச்சியப்பன்.
பேச்சியப்பன் என்பதே தலைப்பெழுத்தாகச் சுருங்கிய
உபாத்தியாயர், தி. கா. பே.
நான்காமவர் ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’.
ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்
நால்வரையும் ஓர் ஆளாக்கினேன்.
அவர் நன்றி சொல்லவில்லை.

ஆறாம் தொகுதியின் எண்பத்தெட்டாம் பக்கத்தை
ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்கிறது.
நகக்கண்ணில் ஓட்டு மை.
எந்தத் தேர்தலோ, எந்த ஊர் நூலகமோ.
அந்த விரலைப் பதிய
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

நான்காம் தொகுதி மட்டும் கிடைக்கவில்லை.
மூன்றாவது இப்படி முடிகிறது:
‘இதன் மிகுநீர் தென்கிழக்கே ஓடி’
அவ்வளவுதான். பக்கம் 412.
ஓடி?
பைண்டு செய்தவன் வாக்கியத்தைப் பார்க்கவில்லை,
தடிமனைப் பார்த்திருக்கிறான்.

‘நான்காம் பாகம்’ என்று தேடினேன். ‘தொகுதி 4’.
‘நாலாம் புஸ்தகம்’ என்றுகூட.
“இல்லாததற்கு ஏன் மல்லுக்கட்டுகிறாய்,
மூன்றிலிருந்து ஐந்துக்குக் கட்டிவிட்டுப் போ” என்றாள் பிரிசில்லா.
கட்டிவிடலாம்தான்.
எங்கள் தெருவை அப்படித்தான் கட்டினார்கள்.
ஐப்பசி பிறந்தால் வாசல் தாண்டித் தண்ணீர் வரும்,
பழைய முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு
கேஸ் சிலிண்டரை இடித்துக்கொண்டு நிற்கும்.

வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்த பிறகு
வேறெதற்கோ அகராதிகள் பிரிவைத் திறந்தேன்.
அங்கே ஒன்று அநாதையாக:
‘ச’ வரிசை அகராதி, ஆசிரியர் இல்லை, ஆண்டு இல்லை.
க வரிசை எங்கே, த எங்கே, ப எங்கே?
ஓர் எழுத்துக்கு மட்டும் யார் அகராதி போடுவார்கள்?
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
முதுகுத் தோலில் பொன் எழுத்து, பாதி உதிர்ந்தது.
அது ச இல்லை.
௪.

முதல் பக்கம், முதல் வரி:
‘வேலாங்குளத்தில் சேரும்.’

ஓடி, வேலாங்குளத்தில் சேரும்.
எத்தனையோ வருஷம் அந்தத் தண்ணீர்
இரண்டு பிரிவுகளுக்கு நடுவே நின்றிருக்கிறது.
சுட்டியைக் கட்டினேன்.
அழுத்திப் பார்த்தேன். போனது.
திரும்ப அழுத்தினேன். வந்தது.
பிரிசில்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
“எட்டு ரூபாய்” என்றாள். பிறகு அவளும் ஒருமுறை அழுத்தினாள்.

முடிந்தது என்று மூடப்போனேன்.
ஏழாம் தொகுதியின் கடைசித் தாளில்,
பிழைதிருத்தத்துக்கும் கீழே, பொடி எழுத்தில்:
‘அழிந்துபோன கண்மாய்களின் விவரம்
எட்டாம் தொகுதியில் காண்க.’

அச்சானதா, எழுதினாரா,
எழுத உட்கார்ந்தபோது விளக்கில் எண்ணெய் இருந்ததா,
ஒன்றும் தெரியாது.
‘அடுத்த தொகுதி’ என்ற கட்டம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.

எட்டு என்றால் ௮.
பார்ப்பதற்கு அ மாதிரியே இருக்கும்.
தேடல் பெட்டியில் ‘அ’ என்று தட்டினேன்.
முப்பத்தோராயிரத்துச் சொச்சம் முடிவுகள்.

விசிறியை நிறுத்திவிட்டுப் பிரிசில்லா கிளம்பிவிட்டாள்.
கீழே இரும்புக் கடையில் ஷட்டரை இழுக்கிறார்கள்.
நான் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன்.