ஊட்டி வண்டி

முதலில் முள் சொன்னது. நான் நம்பவில்லை.
பழைய வண்டியின் முள்
எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

களிமண்குண்டில் பதினொரு பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டுத்
திரும்பும் வழி. புதன்கிழமை, பகல் இரண்டு மணி.
முத்துப்பேட்டை தாண்டவில்லை,
பானெட் இடுக்கில் இட்லிக் கொப்பரை போல ஆவி.

ஒரு பக்கம் சீமைக்கருவேலம்.
மறுபக்கம் கூப்பிடு தூரத்தில் கடல்.
அவ்வளவு தண்ணீர்.
ஒரு மடக்குக்கூட இந்த எஞ்சினுக்கு ஆகாது.

மூடியைத் தொடவில்லை.
கொதிக்கும்போது திறந்தவர்களின் முகத்துக்கு
நான் மருந்து போட்டிருக்கிறேன்.
கருவேல நிழலில், அதை நிழல் என்று சொன்னால்,
முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன்.
பிறகு தடுப்பூசிப் பெட்டியைத் திறந்து
மிச்ச மருந்து இல்லை என்று இரண்டு தடவை எண்ணி
நாலு ஐஸ் பேக்கின் மூடியையும் திருகி
உருகினதை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றினேன்.
பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

ரெகுநாதபுரம் முக்கில் அமீர் ஹம்சா
வண்டிக்கடியில் அட்டை விரித்துப் படுத்தான்.
கீழே ஒரு சொட்டும் இல்லை.
ரேடியேட்டர் ஈரமில்லை. ஹோஸ் முட்டுகள் ஈரமில்லை.
வாட்டர் பம்பின் அடியில் தடவி
விரலைப் பார்த்தான். கறுப்பு, வெறும் கறுப்பு.
ஆயில் குச்சியை உருவினான். பால் நிறம் இல்லை.
"ஹெட்டு தப்பிச்சிருச்சுக்கா.
ஆனா குடிச்ச தண்ணி எங்கிட்டாவது வந்துதானே ஆகணும்?"

நானும் இப்படித்தான் கேட்பேன்,
ஒரு நாளைக்கு எத்தனை தடவை, என்ன நிறம்.

பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் துளை போட்டு
சைக்கிள் ட்யூபின் வால்வைப் பதித்து வைத்திருந்தான்.
அதை மாட்டிக் காற்றடித்தான். பதினைந்து வரை.
ரேடியோவை நிறுத்தினான்.
பக்கத்து ஜூஸ் கடை மிக்சியையும் நிறுத்தச் சொன்னான்.
முள் இறங்கியது. பதினாலு.
பதிமூணு.
எஞ்சினிடம் சத்தமில்லை.
வண்டிக்குள்ளிருந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால்,
பல்லிடுக்கில் காற்று இழுக்கிற மாதிரி ஒன்று.

இடது பக்க மேட்டைத் தூக்கினான். கை நனைந்தது.
பச்சை. மோந்து பார்த்தான். இனிப்பு.

மூன்று வாரமாகப் பழி என் மகன்மேல்,
மாம்பழ ஜூஸைக் கொட்டினான் என்று.
கேட்ட கேள்வியில் ஒத்துக்கொள்ளவும் செய்திருந்தான்.
கண்ணாடியின் உள்பக்கம்
துடைக்கத் துடைக்கப் படிந்த பிசுக்கும் இதுதான்.

"எந்த ஊரு வண்டிக்கா இது?"
தானே நம்பரைப் பார்த்தான். நாப்பத்திமூணு.
ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தான்.
"ஹீட்டருக்கா. ஹீட்டரு."

கோத்தகிரியில் யாரோ ஒரு டாக்டர்
விடியக்காலையில் விரல்களை நீட்டிக் காய்ந்த பெட்டி.
இங்கே ஏழு வருடம்
ஒருவரும் கேட்காத வெந்நீரைச் சுமந்திருக்கிறது.
அதை அரித்தது எங்கள் கிணற்று உப்பு.
ஊற்றியது நான்.

"புதுசு மாத்தணும்னா மதுரைக்குச் சொல்லணும்.
நாலாயிரம் ஆகும். மாத்தவா?"
கேட்டுவிட்டு, சட்டையை முதுகிலிருந்து
இரண்டு விரலால் பிரித்தெடுத்தான்.

உள்ளே போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் கழற்றி
ஒரு முழங்கை ஹோஸால் ஒன்றோடொன்று கோர்த்தான்.
ரெண்டு கிளாம்ப். கூலியோடு முந்நூற்று எழுபது.
மறுபடி காற்றடித்தான். பதினைந்து.
டீ வந்தது. குடித்தோம். பதினைந்து.
காசு கொடுத்தேன், சில்லறை தேடினான். பதினைந்து.

வீட்டில் மேட்டைக் கழுவினேன்.
குடம் பன்னிரண்டு ரூபாய் என்று வாங்கின தண்ணீர்,
மூன்று குடம். இனிப்பான விஷம் இது,
பக்கத்து வீட்டு ஆடு நக்கிவிடக் கூடாது.
கழுவின தண்ணீரை மணலில் குழி பறித்து மூடினேன்.

மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்,
அன்றைக்கு நீ ஜூஸ் கொட்டவில்லை என்று.

"கொட்டுனேனே" என்றான்.