பகல் வெளிச்சத்தில் பார்க்கவும்

எல்லா டப்பாவிலும் அச்சடித்திருக்கும்:
வாங்குமுன் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும்.
டிசம்பர் மாதத்து ட்ரொம்சோவில்
இதைவிட நல்ல நகைச்சுவை
எங்கள் பெயிண்ட் கடையில் கிடையாது.

தொர்கெயிர் சிரிக்கவில்லை.
"பகல் எப்போது வரும்?" என்றான்,
பஸ் விசாரிப்பவன்போல.
ஜனவரி மூன்றாம் வாரம், என்றேன்,
அதுவும் மலை வழிவிட்டால்.

மனைவி இங்வில் ஆய்வுக் கப்பலில்.
பிப்ரவரியில் திரும்புவாள்.
அதற்குள் முன்னறையை முடிக்க வேண்டும்.
மாதிரி டப்பா ஆறு வாங்கிப்போனான்,
மறுவாரம் இன்னும் நான்கு.
அட்டைகளை விசிறியாய் விரித்துப்
பெயர்களை மட்டும் படிப்பான்:
ஈர மணல். பழைய வெண்ணெய். உறங்கும் ஆடு.
(எந்தக் குடிகாரன் வைக்கிறானோ.)

தெரிந்ததைச் சொன்னேன் நானும்.
வடக்குப் பார்த்த அறைக்கு நீலம் ஆகாது,
எலும்புவரை குளிரும்.
பளபளப்பு வேண்டாம்,
பட்டி பார்த்த தழும்பையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.
ப்ரைமரில் மிச்சம் பிடிக்காதே.
தலையாட்டினான்.
காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது
பூட்ஸிலிருந்து பனியை உதைத்துக்கொண்டே சொன்னான்:
"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்."

வீட்டுச் சுவர் இப்போது பச்சையாம்.
அவளுக்கு இருப்பது ஒரே மேல்கோட்டு,
அது சிவப்பென்று பிறர் சொல்லித்தான் தெரியுமாம்.
அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தால்
சுவரோடு சுவராகிவிடுகிறாள்.
"முகம் மட்டும் போகும்.
அப்புறம் கதவுச் சத்தம்."
பதினேழு வருடம்.
அவளிடம் சொன்னதில்லை.

அட்டைகளை மூடி வைத்தேன்.
பையிலிருந்து அவன் எடுத்தான்
கோட்டிலிருந்து கழற்றிவைத்துப்போன தொப்பியை.
கல்லாவில் அதைப் பரப்பி
ஒவ்வொரு நிறமாய் அடியில் நகர்த்தினேன்.
இல்லை.
இல்லை.
கொஞ்சம்.
இல்லை.
பிறகு தொப்பியின் விளிம்பை விரலால் தொட்டான்,
கோடு போட்டதுபோல.
"இதில் இருக்கிறாள்."

வெளிறிய நீலம்.
வடக்கறைக்கு நான் விற்கவே மாட்டாத நீலம்.
ஒன்பது லிட்டர், மேட்.
இயந்திரம் குலுக்கிய மூன்று நிமிடமும்
இருவரும் பேசவில்லை.

மார்ச்சில் ஒரு பெண் வந்தாள்.
அதே நீலம், அரை லிட்டர், அதே பேட்ச் எண்,
ஜன்னலுக்குக் கீழே விட்டுப்போயிருக்கிறதாம்.
"ஐஸ்பெட்டிக்குள் குடியிருக்கிறோம்," என்றாள்.
"மாற்றலாம் என்றால் மனுஷன் அசையவில்லை.
நான் கோட்டு மாட்டும்போதெல்லாம்
பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறான்.
இதென்ன புதுப் பழக்கம்?"

மூடியை ரப்பர் சுத்தியால்
சுற்றிலும் தட்டி இறுக்கினேன்.
கலக்கிவிட்டு அடியுங்கள், என்றேன்.