இடப்பக்கம் இழுக்கும்

மாதவரத்தில் லாரி ஷெட்டுகளைத் தாண்டி
முந்தாநாள் மழை இன்னும் வடியாத யார்டு.
ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள்.
ஆறேகாலுக்கே போய் நின்று
முதல் வேலையாக
பானெட்டில் கை வைத்தேன்.
சில்லென்று இருக்க வேண்டும்.
வெதுவெதுப்பாக இருந்தது.

விடியுமுன் யாரோ எழுப்பி
இருமலையெல்லாம் இருமித் தீர்க்க வைத்து
வாய் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள்,
ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுக்கு
வரிசையில் நிற்பவனைப் போல.

"சார் வரலீங்களா?" என்றார் பூபாலன்.
"நான்தான் சார்" என்றேன்.

மஞ்சள் பெயின்ட் புதுசு.
கிரீஸ் நிப்பிள் மேலேயும் அடித்திருக்கிறார்கள்.
அடைத்த வாய்க்குள்
எப்போது போனது கடைசி கிரீஸ்?
மீட்டர் நாலாயிரத்து இருநூறு மணி என்கிறது.
பிரேக் பெடலில் ரப்பர் போய்
இரும்பு பளபளக்கிறது.
நாலாயிரத்துக்கு எந்தக் கால் இப்படித் தேய்க்கும்?

என் பையில் ஒரு மாம்பழம் உண்டு,
மகள் ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கும் காந்த மாம்பழம்.
அதைப் பூம் நெடுக நகர்த்திக்கொண்டே போனேன்.
பிடித்தது, பிடித்தது, பிடித்தது,
வளைவுக்குக் கீழே ஒரு சாண் இடத்தில்
தொப்பென்று சேற்றில் விழுந்தது.
அங்கே இரும்பு இல்லை. பட்டி.

"சிங்கிள் ஓனர் மேடம், கம்பெனி சர்வீஸ்..."
பூபாலன் போனிலும் என்னிடமும்
ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓட்டிக் காட்ட ஆபரேட்டர் வந்தார். தணிகாசலம்.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்.
சொதசொதத்த மண்ணை அள்ளித் திரும்பி
ஒரு கட்டி வழியில் சிந்தாமல் கொட்டி
வாளியின் முதுகால் இரண்டு தட்டு.
குலுங்கவில்லை. திணறவில்லை.
நான் எழுதி வைத்திருந்த குறைகளெல்லாம்
பொய்யோ என்று ஒரு கணம்.

"இறங்குங்கண்ணே, நான் உக்கார்றேன்."

அதே லீவர். அதே மண்.
திருப்பினால் முதலில் ஒன்றுமில்லை,
பிறகு முரட்டுத்தனமாக
இடப்பக்கம் ஓர் இழுப்பு,
பாதி மண் வேலிக்கு வெளியே.
வாளியை அந்தரத்தில் நிறுத்தி
இன்ஜினை அணைத்து
கீழே ஒரு செங்கல்லை வைத்தேன்.
ஐந்து நிமிடத்தில் வாளிப் பல்
செங்கல்லைத் தொட்டது.

பூபாலன் கேட் பக்கம் போயிருந்தார்.
"இடப்பக்கம் இழுக்கும்மா" என்றார் தணிகாசலம்,
டயரைப் பார்த்துக்கொண்டு.
"அது இழுக்கறதுக்கு முன்னாடியே
நாம கொஞ்சம் வலப்பக்கம் புடிச்சிடணும்."
"எத்தனை வருஷமா புடிக்கிறீங்க?"
"ஒம்போது."

மழைக்காலம் கழித்து
நாளைக்கு ஆறு மணி நேரம் என்றாலும்
பதினாலாயிரம்.
மீட்டர் மறந்தது அவர் மணிக்கட்டில் இருந்தது,
எலும்பு லேசாக வலப்பக்கம் புடைத்து.

பதினாலரை என்றவர் பன்னிரண்டுக்கு வந்தார்.
நான் பத்தே முக்காலில் நின்றேன்.
இடையில் தணிகாசலம்
சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தார்:
தண்ணீர் பாட்டில், பனியன்,
கண்ணில் விடும் சொட்டு மருந்து.
சாவியைப் பூபாலனிடம் கொடுக்கவில்லை.
என்னிடமும் கொடுக்கவில்லை.

"வண்டிக்கு எங்க வேலைம்மா?"
"மப்பேட்டுல. பைப்லைன் பள்ளம்."
"களிமண்ணா?"
"களிமண்தான்."
"அதுக்கு ஒத்துக்கும்" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.

அட்வான்ஸ் எண்ணினேன்.
ஒவ்வொரு நோட்டிலும்
என் கட்டைவிரல் கறுப்பாக விழுந்தது.
சேற்றில் விழுந்த மாம்பழத்தை
அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.